கோரமண்டல் லைனில் பின்பக்கமாக வெந்த ஆமை

1

சென்ற வாரம் என் மகள் கயலின் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பார்த்தேன். இங்கே ஜப்பானில் ஆசிரியைக்கும் வீட்டுக்கும் நடுவே தினமும் ஒரு நோட்டு போய்வரும். பிள்ளைக்கு இருமலா, நீச்சல் உடையை மறந்தாளா, எல்லாம் அதில் எழுத வேண்டும். படித்ததற்கு அடையாளமாகப் பெயர் முத்திரையை மையில் தொட்டுக் குத்த வேண்டும். இந்த எட்டு வருடத்தில் நான் கையெழுத்துப் போடுவதையே மறந்துவிட்டேன். குத்துவதில் மட்டும் யாரும் என்னை மிஞ்ச முடியாது.

அன்றைக்கு வந்த குறிப்பைக் குத்திவிட்டு மூடிவைக்க முடியவில்லை. ‘வீட்டில் எல்லோரும் விரும்பிப் படித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். கயல் சான் ஒரு மங்கா கொண்டுவந்தாள். அதில் பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் ஏதோ எழுதியிருக்கிறது. வியாழக்கிழமை அப்பா வந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட முடியுமா?’

சான் என்பது பெயரோடு சேர்க்கும் மரியாதை; மங்கா என்பது இந்த ஊர்ச் சித்திரக் கதைப் புத்தகம். கயல் எடுத்துப் போனது ஒரு மாயக் கதை. மந்திரவாதி, வாள், குகை, அதற்குள்ளே ஒரு பெரிய சமையல். மேல் அட்டையில் மஞ்சள் கறை. உள்ளே எங்கள் கோலார் தங்கவயல் தமிழில், என் மனைவி வசந்தாவின் கையெழுத்து.

“அப்பா, நீங்க வரவேணாம்” என்றாள் கயல். ஆறு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினொன்று. “நான் வேற புக்கு எடுத்துனு போயிடறேன்.”

“இன்னாத்துக்கு?”

“அது தப்பா இருக்குது. கடேசிலேருந்து எழுதிக் கீது. எல்லாரும் சிரிப்பாங்க.”

தப்பாகத்தான் இருக்கிறது. அந்தத் தப்பான எழுத்து இல்லாவிட்டால் இவள் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்க மாட்டாள். அதை இவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

2

நான் இங்கே வந்தது 1993-இல். தங்கவயலில் பெரிய எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடம் மெஷின் செட்டிங் பார்த்தவன். இங்கே நகோயாவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் ஆள் கேட்டார்கள், வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கப் போவேன். காசு போட்டால் ஓடும் எந்திரங்கள் வரிசையாக இருக்கும் கடை. துணி சுற்றுகிற வரை பொழுது போக வேண்டுமே, அதற்காக யாரோ படித்துவிட்டு வைத்துப் போன மங்காக்கள் ஒரு அலமாரி நிறைய.

எனக்கு அப்போது ஜப்பான் எழுத்து தெரியாது, படம்தான். சண்டைப் படங்கள் எனக்குச் சுகப்படவில்லை. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. திடீரென்று ஒரு பக்கம் வந்தது. வாள், மந்திரக்கோல் எல்லாவற்றையும் ஓரமாகச் சாத்திவிட்டு, குகைக்குள் நாலு பேர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதுகில் அண்டாவைக் கட்டிக்கொண்டு நடக்கிற ஒரு பருமனான அம்மாள். மூக்குக் கண்ணாடி போட்ட மந்திரவாதி. தலையில் கொம்பு முளைத்த ஒரு குள்ளன். யாரிடமும் பேசாத ஒரு வாள்காரன். பஸ் அளவுக்கு ஒரு எட்டுக்கால் ஆமையை அடித்துவிட்டார்கள். ஆமையை அடித்தது இரண்டு பக்கம். அதைச் சமைத்தது பதினாறு பக்கம்! ஓட்டை எப்படிப் பிளப்பது, கவிச்சை போக எந்த இலையைப் போட்டுக் கொதிக்க வைப்பது, முதல் தண்ணீரை எப்போது கொட்டுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம். கொதி வரும்போது ஒரு பக்கம் முழுக்க ஆவி. அதற்கடுத்த பக்கத்தில் முதல் வாய் எடுத்து வைத்த குள்ளனின் முகம் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு.

நான் எந்திரம் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. யாரோ என் துணியை எடுத்து மடித்தே வைத்துவிட்டிருந்தார்கள்.

நாம் கேட்டு வளர்ந்த ராஜா கதைகளை நினைத்துப் பாருங்கள். ஏழு கடல் தாண்டுவான், ஏழு மலை ஏறுவான், ஒரு இடத்திலாவது அவனுக்குப் பசிக்குமா? கடைசியில் ‘அறுசுவை விருந்து நடந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த விருந்துக்கு வெங்காயம் உரித்தது யார்? அடுப்பு அணைந்துபோகாமல் ஊதியது யார்? இந்தக் கதைக்காரன் அதைத்தான் சொல்கிறான். பூதமும் பிசாசும் பொய் என்று அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் அந்தக் கொதி உண்மை. பொய்யான குகையில் உண்மையான பசி வந்தவுடன், குகையும் உண்மையாகிவிடுகிறது. பூதம்கூட மரியாதையாக அடுத்த அத்தியாயம் வரை காத்திருக்கிறது, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று.

துவைக்கும் கடைக்காரம்மாளிடம் சைகையால் கேட்டேன். எடுத்துப்போ என்று கையை விசிறினார். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் என் அறையில்.

3

மூன்று வருடம் கழித்துக் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். குடியேற்ற அலுவலகத்தில் முதல் கேள்வியே இடித்தது. கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு இன்னொன்று, மகளுக்கு மூன்றாவது. இவர்கள் எப்படி ஒரே குடும்பம்? எங்கள் வழக்கத்தில் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும் என்று படம் வரைந்து காட்டினேன். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். என் அப்பா பங்காருபேட்டை ஜங்ஷனைத் தாண்டிப் போகாத மனிதர். இங்கே ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ் எங்கே போனாலும் அவர் பெயரைத்தான் உரக்கக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன்.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறை, அவர்கள் வந்து தங்கலாம் என்ற சான்று கிடைத்தது. மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் அவர்கள் வந்து இறங்க வேண்டும். தவறினால் மறுபடியும் படம் வரைய வேண்டும்.

சான்றை அனுப்பினேன். வசந்தாவிடமிருந்து பதில் வந்தது: வரமாட்டாளாம்.

குளிர் பற்றி இரண்டு வரி, கயல் சரியாகச் சாப்பிடாத பிள்ளை என்று மூன்று வரி எழுதிவிட்டுக் கடைசியில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். ‘அங்க வந்து நான் யார்கூட குந்தி சாப்பிடறது?’

தங்கவயலில் கோரமண்டல் பகுதியில் எங்கள் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வீடுகள், ஒரே சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். மதியம் ஆண்கள் ஷிப்டுக்குப் போன பிறகு, ஐந்து வீட்டுப் பெண்களும் அவரவர் தட்டோடு நிழல் பக்கம் வந்து உட்காருவார்கள். இவள் குழம்பு அவள் தட்டுக்கு, அவள் பொரியல் இவள் தட்டுக்கு. கடைசியில் எந்தக் குழம்பு எந்த வீட்டில் கொதித்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வசந்தா பிறந்ததிலிருந்து ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட்டவள் இல்லை.

நான் யோசித்தேன். ஜப்பான்காரர்கள் சாப்பாட்டை எவ்வளவு மதிக்கிறவர்கள் என்று தெரிந்தால் மனம் மாறுவாள். சமையல் புத்தகம் அனுப்பலாம் என்று கடைக்குப் போனால், திறந்த பக்கமெல்லாம் பச்சை மீன். அதை அனுப்பினால் விவாகரத்தே வந்துவிடும். எனக்குத் தெரிந்து எல்லாவற்றையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடும் ஜப்பான் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்சல் கட்டினேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் பேசுமே!

பேசியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்துக்கு வசந்தா வந்து நிற்பாள், நான் இங்கிருந்து கூப்பிடுவேன். எடுத்ததும் கேட்டாள்:

“இன்னாங்க இது, தவளய வெட்டிக்கினு கீறாங்க?”

“தவள இல்ல வசந்தா, ஆம. அதுவும் நெஜம் கெடையாது. கற்பன.”

“கற்பனையிலயாவது ஒரு கோழி அடிக்கக் கூடாதா?”

அதற்குள் போன் கை மாறியது. பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா. முப்பது வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர், அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்.

“தம்பி, நல்லாக்கீறியா? அந்த புக்குல உள்ள அடுப்பு மூட்டிக்கினு கீறானுங்களே, பொக எங்க போவும்? ஒரு வெடி வெச்சா, பொக போவட்டும்னு நாங்க எவ்ளோ நேரம் குந்திக்கினு இருப்போம் தெரியுமா? இவனுங்க இன்னாடான்னா குழம்பு வெக்கறானுங்க. மேஸ்திரின்னு ஒருத்தன் இல்லியா அங்க?”

“இருக்கும் மாமா, எங்கனா காத்து போக வழி வெச்சிருப்பாங்க.”

“படத்துல இல்லியே. நான் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன்.”

4

அதற்குப் பிறகு இரண்டு வாரம் புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் சேதி. பயணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், என் புத்தகமே திரும்பி வந்திருக்கிறது. கூடவே ஒரு கடிதம்: ‘கதையை நாங்களே கண்டுபிடிச்சு எழுதிட்டோம். சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. லைன்ல எல்லாரும் கேட்டுக்கினு கீறாங்க.’

மதியம் சாப்பிட்டானதும் தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, ஐந்து பெண்களும் முனிரத்தினம் மாமாவும் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் வசனம் சொல்ல, வசந்தா எழுதியிருக்கிறாள். அண்டாக்கார அம்மாளுக்கு ‘அண்டாக்கா’ என்று பெயர். மந்திரவாதி ‘கண்ணாடி’.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜப்பான் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ, அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம். எழுத்து தெரியாதவர்கள் எந்தப் பக்கம் திறப்பார்கள்? நாம் திறக்கிற பக்கம்தான்.

ஆகவே கோரமண்டலில் கதை இப்படி நடந்தது. எடுத்த எடுப்பில் நாலு பேரும் பூமிக்கடியில், கும்மிருட்டில், ஒரு பூட்டிய கதவு முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். பசி. நல்லவேளை, குழம்பு தயாராக இருக்கிறது. சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகுதான் அண்டாக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், ஒரு உயிரைத் தின்றுவிட்டோமே! ‘இன்னாடா பாத்துக்கினு கீற கண்ணாடி, மந்திரத்தப் போடு’ என்கிறாள். குழம்பிலிருந்து கறி துண்டு துண்டாக வெளியே வருகிறது. துண்டுகள் சேர்கின்றன. ஓடு மூடுகிறது. எட்டுக்கால் ஆமை எழுந்து நிற்கிறது! நன்றி கெட்ட ஆமை இவர்களையே துரத்துகிறது. நாலு பேரும் ஓடுகிறார்கள். முனிரத்தினம் மாமா ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை ஆழம் என்று லெவல் நம்பர் போட்டிருந்தார், சுரங்கத்தில் போடுகிற மாதிரி. எண்பதாம் லெவல், அறுபது, நாற்பது. கடைசிப் பக்கத்தில் பள்ளத்தின் வாயில், நல்ல வெயிலில், நாலு பேரும் காலி அண்டாவோடு நின்று சிரிக்கிறார்கள்.

அசல் கதையில் அது அவர்கள் புறப்படுகிற பக்கம். விடைபெறும் சிரிப்பு.

அந்தப் படத்துக்குக் கீழே வசந்தா எழுதியிருந்தது, மாமா சொன்னது: ‘நாலு பேரும் மேல வந்தாச்சு. எண்ணிப் பாத்தாச்சு. கதை முடிஞ்சிச்சு.’

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அசலைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது. ஜப்பான்காரனுக்குக் கதை என்றால் உள்ளே இறங்குவது. எங்கள் ஊரில் தினம் மூன்று ஷிப்டும் அதுதானே நடக்கிறது, அதில் என்ன கதை? ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்து, போன தலையெல்லாம் சரியாக இருந்தால், அதுதான் கதை.

5

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போனேன். வசந்தாவுக்கு அன்று சாப்பாட்டுப் பெட்டி விற்கும் பெந்தோ கடையில் வேலை; “நான் எழுதினத நீங்க படிங்க, எனக்கு வெக்கமாக்கீது” என்று நழுவிவிட்டாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். கயல் மூன்றாம் வரிசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அப்பா என்று ஒருவன் இந்த உலகத்தில் இல்லாததுபோல உட்கார்ந்திருந்தாள்.

தமிழில் வாசித்தேன், பிறகு ஜப்பானிய மொழியில் சொன்னேன். என் ஜப்பானிய மொழி இரண்டு இடத்தில் கற்றது: ஒர்க் ஷாப் எச்சரிக்கைப் பலகையிலும், அலுவலகக் கவுண்டரிலும். அதனால் அண்டாக்கா கண்ணாடியைப் பார்த்து, ‘தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு மிகவும் வருந்துகிறேன், தயவுகூர்ந்து மந்திரத்தைப் பிரயோகிக்க இயலுமா’ என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியை மட்டும் பவ்யமாகத் தலையாட்டினார்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. கவிழ்ந்த தலை கவிழ்ந்தபடியே, கயல்தான். கோரமண்டல் லைனில் குழாயடியில் எப்படிச் சொல்வார்களோ, அதே வேகத்தில், அதே மரியாதையில், அந்த வரியை ஜப்பானிய மொழியில் கத்தினாள். வகுப்பே விழுந்து சிரித்தது. அடுத்த வரியிலிருந்து அவளே முன்னால் வந்துவிட்டாள். நான் தமிழ், அவள் ஜப்பான். இரண்டு வார்த்தை மட்டும் அவளுக்குப் புரியவில்லை, என் காதில் கேட்டுக்கொண்டாள்.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “அப்படியானால் அந்த ஆமை உயிரோடு இருக்கிறதா?”

“எங்கள் ஊரில் இருக்கிறது” என்றேன்.

திரும்பி வரும்போது கயல் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். “அண்டாக்கா நான் பேசனதுதாம்பா கரெக்டு. நீங்க பேசனா பேங்க்குல பேசற மாதிரிக் கீது.”

முனிரத்தினம் மாமாவுக்கு இதையெல்லாம் எழுதிப் போட வேண்டும். இந்த வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ‘பசங்க எல்லாம் மேல வந்துட்டானுங்க தம்பி, இப்ப மேல இன்னா பண்றதுன்னுதான் தெரியாம நிக்கறானுங்க’ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தார். அவருக்குக் கொஞ்சம் சிரிக்க ஏதாவது வேண்டும்.

6

அந்தப் பார்சல் வந்த நாளுக்கு வருகிறேன். சிரித்து முடித்து, மறுபடி நிதானமாகப் புரட்டினேன். சாப்பிடுகிற பக்கங்களில் மூன்று பேர் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வாள்காரன் மட்டும் கொஞ்சம் தள்ளி, பாறைமேல், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு கிண்ணத்தோடு இருப்பான். அவன் தலைக்கு மேல் வசனம் எழுதும் கூடு இல்லை. அந்த வெற்றிடத்தில் வசந்தா எழுதியிருந்தாள்: ‘இவரு ஏன் தனியா குந்திக்கினு துன்றாரு? யாராச்சும் கூப்புடுங்க.’

அடுத்த பக்கத்தில்: ‘இங்கயும் தனியாத்தான்.’

அதற்கடுத்து: ‘ஐயோ பாவம்.’ இதை யாரும் சொல்லி எழுதியதாகத் தெரியவில்லை. எழுத்து சின்னதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குக் கூப்பிட்டேன். கதை பின்பக்கமாகப் போய்விட்டதைச் சொன்னேன். அவளுக்கு அதில் அக்கறையே இல்லை.

“அது கெடக்கட்டும். அந்தக் கத்திக்காரரு ஏன் தனியா சாப்புடறாரு?”

“காவல் காக்கறான்.”

“சாப்புடற நேரத்துலயா? சரி, நீங்க யார்கூட சாப்புடறீங்க?”

“கம்பெனியில எல்லாரும் ஒண்ணாத்தான்.”

“அது மத்தியானம். ஊட்ல?”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பக்கத்து அறை நண்பர்கள் என்று சொல்லியிருக்கலாம். அடுத்து பேர் கேட்பாள்.

“அந்த புக்கு கூடத்தான்” என்றேன். “ரைஸ் குக்கர்மேல சாய்ச்சு வெச்சு, அவங்க சாப்புடற பக்கத்தத் தொறந்து வெச்சுக்குவேன். இப்ப ஒரு மாசத்துக்கு மேல அதுவும் உங்ககிட்ட இருந்துச்சு.”

மாமாவின் குரல் தூரத்தில் கேட்டது. “இன்னாமா சொல்றான்?”

“புக்குகூட சாப்புடறாராம் மாமா.”

“அட இவனே! பைத்தியம் புடிச்சிக்கப் போவுது. கெளம்பு மே நீ.”

வசந்தா மறுபடி என்னிடம் பேசினாள். “அந்தப் பேப்பர் எத்தினி நாள் செல்லும்?”

“இன்னும் ஒரு மாசம்.”

“தையக்காரர்கிட்ட ரெண்டு ஜாக்கெட் குடுத்துக்கீறேன். வாங்கிக்கினு வந்துடறேன்.”

சான்று காலாவதியாக நாலு நாள் இருக்கும்போது வந்து இறங்கினார்கள். கயல் விமானத்தில் கொடுத்த எதையும் தொடவில்லையாம். ரயில், பஸ், பிறகு கொஞ்ச தூரம் நடை. அறைக்கு வந்து சேரும்போது மதியம் ஒரு மணி. நான் காலையிலேயே எழுந்து சமைத்து வைத்திருந்தேன். சோறு, பருப்பு, முட்டைக்கோசுப் பொரியல், ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. மூன்று தட்டு புதிதாக வாங்கிக் கழுவி அடுக்கியிருந்தேன். தரையில் மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். நான் சாப்பிடாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாய் உள்ளே போனதும் கண் மூடும், ஆவி பறக்கும் என்று.

கயல் ஒரு வாய் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வசந்தா நிதானமாக மென்றாள். விழுங்கினாள். பருப்பைத் தனியாகத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“இன்னாங்க, உப்பே இல்ல. மூணு வருசமா இதையா துன்னுக்கினு இருந்தீங்க?”

நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். ஆமாம். உப்பே இல்லை.